உணவு மேசையும் நாற்காலியும்

நாற்காலி என்பது தமிழ்ச் சொல்; மேசை என்பது தமிழ்ச் சொல் அன்று. நான்கு கால்களை உடைமையின் நாற்காலி என்றும், மூன்று கால்களை உடைமையின் முக்காலி என்றும் நம் முன்னோர் காரணப்பெயர் இட்டு வழங்கினர். மேசையோ போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்து நம் கரையில் இறங்கிய சொல். சன்னல், அலமாரி, சாவி என்பனவும் அவ்வழி வந்தனவே. ஈழத்துத் தமிழர் நாற்காலியையுங்கூட அம்மொழியினின்றே எடுத்துக் ‘கதிரை’ என வழங்குவர். இதனால் விளங்குவது யாதெனின், உயர்ந்த இருக்கையில் அமர்தல் நமக்குப் பழக்கமாயிருந்தும், அவ்விருக்கைக்கு எதிரே உயர்ந்த பலகை ஒன்றை நிறுத்தி, அதன்மேல் உணவை வைத்து உண்ணுதல் பிற்காலத்தில் வந்த வழக்கம் என்பதாம். இலை தரையிற் கிடக்க, உண்பார் மணையிலோ பாயிலோ சம்மணமிட்டு அமர்வதே நம் மரபு.

ஆயினும், இருக்கையும் கட்டிலும் செய்யுந் தொழில் நமக்குப் புதியதன்று. நெடுநல்வாடையைப் பாடிய நக்கீரர், பாண்டிமாதேவியின் கட்டிலைச் சொல்லுமிடத்து, நாற்பது ஆண்டு நிரம்பிப் போரிற் பட்ட யானையின் கொம்பைக் கொண்டு, கூரிய உளியால் இலைத்தொழில் பொலியச் செதுக்கியதைப் பல அடிகளில் விரித்துரைக்கின்றார். யானையின் வயது நமக்குத் தெரிகின்றது. உளியின் கூர்மை தெரிகின்றது. உளி பிடித்தவன் ‘வல்லோன்’ என்னும் அளவில் நின்றுவிடுகின்றான். அவன் பெயர் இல்லை. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகின்றேன். ஏனெனில், இரண்டாயிரம் ஆண்டு கழித்து நம் நாட்டிற் செய்யப்பட்ட வேறு சில இருக்கைகளைப்பற்றிப் பேசும்போது இச்செய்தி மீண்டும் நமக்குத் தேவைப்படும்.

நிற்க. மேனாட்டு உணவு மேசை நம் பகுதிக்கு வந்த வரலாறு கடலோடு தொடர்புடையது. சென்னையில் துறைமுகம் எழுமுன், கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் ஏறி அலைமீது கரைசேர வேண்டும். அப்படகின் பலகைகள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல, தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது வளைந்து கொடுத்தற்பொருட்டே அவ்வாறு தைத்தனர். 1875-இல் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1881-ஆம் ஆண்டுப் புயல் அவ்வேலையைச் சிதைத்தது. பின்னரும் பல்லாண்டு முயன்றே அதனை முடித்தனர். அதற்கு முன்னரே, 1856-இல், இராயபுரத்தினின்று இருப்புப்பாதை புறப்பட்டது. ஆங்கிலேயரும், ஆங்கிலோ-இந்தியரும், 1910-இல் இராயபுரத்தில் தம் தீக்கோயிலை எழுப்பிய பார்சியரும், எம்போன்ற கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவும் முதலில் உணவு மேசையைத் தம் வீட்டில் இட்டனர்.

அக்காலத்து மேசைகள் எத்தன்மையன? கடைசற்பட்டறையில் உருட்டிய யானைக்கால் போன்ற கால்கள். திராட்சைக் கொடியும் சிங்கமுகமும் செதுக்கிய ஓரங்கள். நால்வர் சேர்ந்தாலன்றி நகர்த்த இயலாப் பாரம். செதுக்கிய குழிதோறும் தூசி தங்கும். அதனை நாடோறும் துடைக்க ஏவலாளர் வேண்டும். ஏவலாளர் உள்ள வீட்டிற்கென்றே எண்ணப்பட்ட பொருள் அது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மேனாடுகளிலும் நம் நாட்டிலும் தோன்றிய புதுமுறை இருக்கைகள் இப்பாரத்தைக் கழற்றி எறிந்தன. செதுக்கலை விட்டனர், மரத்தின் வரியையே அணியாகக் கொண்டனர், எது எதனைத் தாங்குகின்றது என்பது கண்ணுக்குத் தெரியுமாறு கால்களையும் சட்டங்களையும் மெலிதாக அமைத்தனர்.

இம்மாற்றத்திற்கு வழிகோலியவர் மைக்கேல் தோனெட் என்னும் ஜெர்மானியத் தச்சர். அவர் 1859-இல் வியன்னாவில் வெளியிட்ட பதினான்காம் எண் நாற்காலி, நீராவியில் வாட்டி வளைத்த மரத்துண்டுகள் ஆறும், திருகாணிகள் பத்தும், மரைகள் இரண்டும் கொண்டு இயன்றது. பிரித்து அடுக்கினால், ஒரு கன மீட்டர்ப் பெட்டியுள் 36 நாற்காலிகள் அடங்கும். துறைமுகத்தருகே வாழ்வார்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும்: கப்பலிற் கூலி பெரும்பாலும் இடத்திற்கே அன்றோ? வடிவின் எளிமை அழகிற்காக மட்டும் வந்ததன்று. கப்பலின் வயிற்றை எண்ணியும் வந்தது. பம்பாயின் ஈரானியத் தேநீர்க்கடைகளில் இன்றும் காணப்படும் வளைமர நாற்காலிகள் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

இனி மரத்தைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். ஆங்கிலேயர் ‘டீக்’ என்று சொல்லும் பெயர் நம் ‘தேக்கு’ என்னுஞ் சொல்லே. அது போர்த்துக்கீசியர் நாவில் ‘தேக்கா’ ஆகி, பின்னர் ஆங்கிலம் புக்கது. மேசையைத் தந்தவர் தேக்கைக் கொண்டுபோயினர் எனலாம். தேக்கின் உள்ளே இயற்கையாகவே ஓர் எண்ணெய் உண்டு. அதனாற் கரையான் அதனை எளிதில் அண்டாது. ஈரத்தில் மிக ஊதாது, வெயிலில் மிகச் சுருங்காது. உள்ளே செலுத்திய இரும்பாணியும் விரைவில் துருவேறாது. கப்பல் கட்டுவோர் அதனை விரும்பியது இக்காரணங்களாலேயே. பர்மா முழுவதும் 1885-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் ஆங்கிலேயர் கைப்பட, அந்நாட்டுத் தேக்கு கடல்வழியே பற்பல துறைகளுக்குச் சென்றது, சென்னைக்கும் வந்தது. அம்மரம் வந்த வழியே பிற்காலத்தில் மனிதரும் வந்தனர். 1962-இல் அங்கே படையாட்சி தோன்றியபின், தலைமுறைகளாய் அங்கு வாழ்ந்த தமிழர் கடையும் உடைமையும் இழந்து இக்கரை சேர்ந்தனர். துறைமுகத்தை அடுத்த பர்மா பஜார் அவர்களால் எழுந்ததே. ‘பர்மாத் தேக்கு’ என்னும் பெயரைக் கேட்கும்போது மரத்தை மட்டும் நினைத்தல் எனக்கு இயலுவதில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் டென்மார்க்கு நாட்டுத் தச்சர்கள் தாய்லாந்து, பர்மா முதலிய நாடுகளின் தேக்கைப் பெருவாரியாகக் கையாண்டனர். அவர்களுள் தலைசிறந்தவர் ஹான்ஸ் வெக்னர் (1914–2007). செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, சிறுவனாயிருந்தபோதே தச்சுப்பட்டறையிற் பயின்றவர் இவர். 1949-இல் இவர் இரண்டு நாற்காலிகளுக்கு வடிவம் தந்தார். ஒன்று, முதுகுக்கட்டையும் கைப்பிடியும் ஒரே வளைவாய் ஓடும் வட்ட நாற்காலி; 1960-இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் வாதிட்டபோது அமர்ந்தது இதன்மேலேயே. மற்றொன்று, முதுகில் கவட்டை வடிவக் கட்டை உடைய உணவு நாற்காலி. அதன் இருக்கையைப் பின்ன ஏறத்தாழ 120 மீட்டர் காகிதக் கயிறு வேண்டும். பின்னுவது இன்றளவும் கையாலேயே. சீன நாட்டுப் பழைய நாற்காலிகளைக் கண்டு அதன் வடிவை அவர் எண்ணினாராம். கிழக்கின் வடிவும் கிழக்கின் மரமும் வடக்கின் உளியிற் புகுந்து ‘டென்மார்க்கு நாற்காலி’ என்னும் பெயரோடு உலகெங்கும் விற்றன.

அமெரிக்க நாட்டில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் கணவன் மனைவியர் வேறு வழி சென்றனர். போர்க்காலத்தில், காலொடிந்த கடற்படை வீரர்க்கு ஒட்டுப்பலகையை வளைத்து அணைகட்டை செய்து கொடுத்த அனுபவம் அவர்களுக்கு இருந்தது. அம்முறையாலேயே 1946-ஐ ஒட்டி, உடலின் வளைவுக்கு இசைந்த ஒட்டுப்பலகை உணவு நாற்காலிகளை வெளியிட்டனர். ஈரோ சாரினென் என்பார் 1957-இல் மேசைக்கும் நாற்காலிக்கும் ஒற்றைத் தண்டே காலாக அமைத்தார். மேசையின் கீழே கால்கள் காடுபோல் நெருங்கி நிற்பது அவர் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. ஈம்ஸ் இணையர் இந்திய அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து 1958-இல் ஓர் அறிக்கை தந்தனர். அதில் அவர்கள் மிகப் புகழ்ந்தது மாளிகையையும் அன்று, கோயிலையும் அன்று. நம் வீட்டுச் சொம்பை. அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் நிறுவப்பட்டது. சொம்புக்கு வடிவம் தந்தவர் ஒருவரல்லர், தலைமுறை தலைமுறையாய்ப் பலர் என்று அவர்கள் கண்டது என் உள்ளத்தை மிகக் கவர்ந்தது.

இத்துணையும் அயல்நாட்டுச் செய்தி. நம் அருகே நிகழ்ந்த ஒன்று உளது. அது நம்மவரிற் பலர் அறியாதது. புதுச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தார் தங்குதற்கெனக் கட்டிய ‘கோல்கொண்டா’ என்னும் விடுதியே அது. ஐதராபாத்து நிஜாமின் பொருளுதவி, அவர்தம் திவான் சர் அக்பர் ஐதரி வாயிலாகக் கிடைத்தமையின் அப்பெயர் பெற்றது. இதனை வகுத்தவர், செக்கு நாட்டிற் பிறந்து தோக்கியோவில் தொழில் நடத்திய ஆண்டனின் ரேமண்ட். அவருடைய உதவியாளராய் வந்து, 1937 முதல் 1939 வரை இருந்து வேலையை மேற்பார்த்தவர் ஜார்ஜ் நகாஷிமா. இவர் ஜப்பானியப் பெற்றோர்க்கு 1905-இல் அமெரிக்காவிற் பிறந்தவர். லெ கொர்புசியேயிடம் பயின்ற செக்கு நாட்டினரான பிரான்டிசெக் சாமரும் உடனிருந்தார். கட்டடம் கம்பிகட்டிய சிமெண்டால் இயன்றது. வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் பொருட்டு, சுவர் முழுதும் திறந்து மூடத்தக்க சிமெண்டுப் பலகைகள். அறைகளுக்குத் தேக்குச் சட்டங்களாலான தள்ளுகதவுகள், பார்வையை மறைத்தும் காற்றை மறையாதும் நிற்பன. வங்கக்கடலோரத்துப் புழுக்கத்தை அறிந்தவர்க்கே இதன் நயம் புலப்படும்.

நகாஷிமா அங்கே வேலைக்காரராய் வந்து, ஆசிரமத்தாருள் ஒருவரானார்; சம்பளம் பெறுவதை விட்டார்; ‘சுந்தரானந்தர்’ என்னும் பெயரும் பெற்றார். அவ்விடுதிக்குரிய தேக்கு மேசை, நாற்காலி, கட்டில் முதலியவற்றுக்கு வடிவம் தந்தவர் அவரே. கட்டடக் கலைஞராய் வந்தவர் மரத்தில் மனம் வைக்கத் தொடங்கியது நம் கரையில் என்பதை எண்ண ஒரு பெருமிதம் எழுகின்றது. ஆனால் அவர் கதை இன்பமாகவே செல்லவில்லை. அமெரிக்காவிற்குத் திரும்பியபின், 1942-இல், ஜப்பானியக் குருதியுடையார் என்னும் ஒரே காரணத்தால், மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடகோ மாகாணத்து மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே அடைபட்டிருந்த கென்டாரோ ஹிகோகாவா என்னும் தச்சர், ஆணியின்றி மரத்தோடு மரத்தைப் பூட்டும் ஜப்பானியக் கைமுறையை அவருக்குக் கற்பித்தார். எறிந்த கட்டைகளே அவர்களுக்குப் பாடப்புத்தகம். மறு ஆண்டு ரேமண்டின் முயற்சியால் விடுதலை பெற்ற நகாஷிமா, பென்சில்வேனியாவில் பட்டறை அமைத்து, 1990-இல் இறக்குங்காறும் தம்மைத் தச்சர் என்றே சொல்லிக்கொண்டார். மரத்தில் பிளவு இருந்தால் அதனை மறைக்காமல், வண்ணத்துப்பூச்சி வடிவான கட்டையால் இருபுறமும் கோத்து, பிளவு தெரியவே மேசையாக்குவார். 1964-இல் மீண்டும் இந்தியா வந்து, அகமதாபாத்துக் கழகத்திற்காகவும் மேசை நாற்காலிகளுக்கு வடிவம் தந்தார்.

புதுச்சேரியிற் சில அறைகளுக்காக நிகழ்ந்தது, பின்னர் ஒரு முழு நகரத்திற்காகச் சண்டிகரில் நிகழ்ந்தது. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையால் லாகூரை இழந்த பஞ்சாபிற்குப் புதுத் தலைநகர் வேண்டியிருந்தது. 1951-இல் லெ கொர்புசியே அழைக்கப்பட்டார். அவருடன் வந்த ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே 1965 வரை அங்கேயே தங்கி உழைத்தார். புதிய அலுவலகங்கள், பல்கலைக்கழக விடுதிகள், உணவுச்சாலைகள், வீடுகள் ஆகிய எல்லாவற்றிற்கும் ஆயிரக்கணக்கான மேசை நாற்காலிகள் வேண்டியிருந்தன. பணமோ குறைவு. ஆதலின் அவர் எளிதிற் கிடைத்த தேக்கையும் பிரம்பையும் கொண்டார். கவிழ்த்த ‘வி’ என்னும் ஆங்கில எழுத்துப்போல் இரு கட்டைகள் சாய்ந்து மேலே கூடி, இருக்கையையும் கைப்பிடியையும் ஒருங்கே தாங்கும் கால்கள் அவருடைய நாற்காலிக்கு அடையாளம். முக்கோணம் குலையாது என்னும் கணித உண்மையே அதன் வலிமை. இருக்கையும் முதுகும் பிரம்புப் பின்னலாதலின் வேர்வை தங்காது. எந்த ஊர்த் தச்சரும் உளியும் இழைப்புளியும் கொண்டு செய்யத்தக்க வடிவம் அது; அவ்வாறே பஞ்சாபுப் பட்டறைகள் பலவற்றில் அது செய்யப்பட்டது. பட்டறைக்குப் பட்டறை கட்டையின் பருமன் சிறிது மாறும். யூலி சௌத்ரி (1923–1995) என்னும் அம்மையார் ஜான்னரேயுடன் இவ்வேலையிற் பங்குகொண்டார். கட்டடக் கலையில் முன்னோடியாய் நின்ற இந்தியப் பெண்மணி அவர். ஏலப் பட்டியல்களில் அவர் பெயர் சில வேளை வரும், பல வேளை வாராது.

ஏலம் என்றேன். அதுவே இவ்வரலாற்றின் வியப்பான பகுதி. நாற்பது ஆண்டு உழைத்த அந்நாற்காலிகள் பிரம்பு கிழிந்து, கால் ஆடி, அலுவலக மாடிகளிலும் முற்றங்களிலும் குவிந்தன. இரும்பும் பிளாஸ்டிக்கும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. 1990-களின் இறுதியில் பாரிஸ் நகரத்து வணிகர் சிலர் வந்து, கழிவுப்பொருள் ஏலத்தில் அவற்றை அற்ப விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிச் சென்றனர். பழுது பார்க்கப்பட்டு, மெருகேறி, அவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விலைபோயின. 2011-இல் இந்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கலாகாதென ஆணையிட்டது. எனினும் முன்னரே கடல் கடந்தவற்றைத் திருப்ப அவ்வாணையால் ஆகவில்லை. அவ்வணிகரைத் திருடரென இகழ்வாரும் உளர். யான் அங்ஙனம் கருதேன். குப்பை என்று நாம் கூவி விற்றதை, குப்பையன்று என்று அறிந்தவர் வாங்கினர். வருத்தம் வேறிடத்தில் உளது. பட்டியலில் ஜான்னரேயின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கின்றது. உளி பிடித்த பஞ்சாபுத் தச்சரின் பெயர் இல்லை. நக்கீரரேனும் ‘வல்லோன்’ என்று ஒரு சொல் ஈந்தார்.

இனி நம் வீட்டு மேசைக்கு வருவோம். உணவு நாற்காலியின் இருக்கை தரையினின்று ஏறத்தாழ 45 செண்டிமீட்டரும், மேசையின் மேற்பலகை 75 செண்டிமீட்டரும் உயர்ந்திருத்தல் பொதுவிதி. அவ்விதி முள்ளும் கத்தியும் பிடிப்பார்க்கு இயற்றியது. இலையிற் சோறு பிசைந்துண்பார்க்கு மேசை சிறிது தாழ்ந்திருத்தலே நன்று என்பது என் கருத்து. பிசையும் கை மேலிருந்து கீழே அழுத்த வேண்டுமன்றோ? மேலும், மேனாட்டு மேசை எல்லாரும் ஒருங்கே அமர்ந்து, கலத்தைக் கைமாற்றி, தாமே எடுத்துண்பர் என்று எண்ணிச் செய்தது. எங்கள் வீட்டில் அறுவர், நாற்காலி நான்கு, என் தாயார் இன்றும் நின்றே பரிமாறுகின்றார். மேசை வந்தது, மேசையின் வழக்கம் வரவில்லை.

ஆனால் நம் திருமண மண்டபங்களிற் காணும் மேசையை நோக்குக. மடக்கும் இரும்புக்கால், ஓர் இலை அகலமே உள்ள நீண்ட பலகை, மேலே உருட்டி விரித்த வெள்ளைக் காகிதம். உண்பார் ஒருபக்கமே அமர்வர். மறுபக்கம் பரிமாறுவார் நடக்க வழி. பந்தி முடிந்ததும் காகிதத்தை இலையோடு சுருட்டினால் மேசை அடுத்த பந்திக்கு ஆயத்தம். தரையில் ஓடிய பந்தியை அப்படியே எழுபத்தைந்து செண்டிமீட்டர் உயர்த்தி வைத்த வடிவம் இது. தேவைக்கு இவ்வளவு பொருந்திய உணவு மேசையை டென்மார்க்கிலும் காணல் அரிது. ஆயின் இதனை எண்ணியவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் பழைய வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. தூணும் கதவும் விலை பெறுகின்றன, அவை பெருமரமாதலின். நாற்காலியோ ‘உடைசல்’ என்று தெருவில் நிற்கும். அவ்வாறு நிற்பதைக் காண்பவர், வண்டியில் ஏற்றுமுன், அதனைத் தலைகீழாய்த் திருப்பிப் பார்ப்பாராக. மூட்டுக்களில் ஆணித்தலை தெரிகின்றதா, அல்லது ஒரு கட்டையின் முனையை நாக்குப்போற் செதுக்கி மற்றதன் துளையிற் செலுத்தியிருக்கின்றதா என்று காண்க. நாக்கும் துளையுமாயின், மூட்டு ஆடினாலும் கழற்றிப் பசையிட்டு மீட்கலாம். சட்டத்தின் அடியில் நகத்தால் கீறி முகர்ந்தால், தேக்கு தன் எண்ணெய் மணத்தைத் தானே சொல்லும். பிரம்பு, சட்டத்தைச் சுற்றித் துளையிட்டு ஒவ்வோர் இழையாய்க் கோத்ததாயின் கைப்பின்னல். பள்ளம் வெட்டி, பின்னிய பாயை வைத்து அழுத்தியதாயின் இயந்திரப் பின்னல். முதுகின் பின்புறத்தில் வண்ணத்தால் எழுதிய இலாகாப் பெயரும் எண்ணும் இருக்கக்கூடும். சண்டிகர் நாற்காலிகளை இன்று மெய்யானவை என்று தெளிதற்கு உதவுவன அத்தகைய எழுத்துக்களே. அவற்றைச் சுரண்டிப் புது மெருகு பூச வேண்டுவதில்லை. ஈரத்துணியால் துடைத்து, கிழிந்த பிரம்பை மட்டும் மாற்றினாற் போதும்.